ஈக்களாலும் உண்ணிகளாலும் கால்நடைகளுக்கும் ஜனங்களுக்கும் நேரும் தீங்கு

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

கறவை மாடு, உழவு மாடு, ஆடு முதலியன வாங்குவதற்காகக் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுக்கும் கடன், அந்தப் பிராணிகளின் பாலினாலும் உழைப்பினாலும் குட்டிகளினாலும் அடைபட வேண்டிய கடனாகும். ஆகையால் சங்கத்தின் கணக்குப் புஸ்தகங்களைப் பரிசோதிக்க வருகிறவன், அங்கத்தினர்களின் மாட்டுக் கொட்டிலையும் சிறிது எட்டிப் பார்க்க வேண்டியவனாகிறான். தவணை தவறிய கடன்களின் ஜாபிதாவில், காரணம் எழுதும் இடத்தில், "மாடு இறந்துவிட்டது" என்றும், "கறவை வற்றிவிட்டது" என்றும், "ஆடுகள் வியாதியில் போய்விட்டன" என்றும் எழுதியிருப்பதை அடிக்கடி காணலாம். மாடு இறந்தாலும் அதன்பேரில் வாங்கிய கடன் இறப்பதில்லை. மாட்டுக்குத் தீனி போட்ட காலத்திலும் வட்டி ஓடுகிறது. கொட்டில் காலியான பிறகும் ஓடுகிறது. இன்ஷூரன்ஸ் செய்து காதில் வில்லை போட்ட மாடாயிருந்தால், அது இறந்தபின் ஒரு தொகை கிடைக்கக்கூடும். ஆனால் உயிரோடிருந்துகொண்டே நாளுக்கு நாள் பால் குறைந்துவரும் மாட்டினால் உண்டாகும் நஷ்டத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் ஈடு செய்வதில்லை.

இவ்விதம் நேரும் நஷ்டத்தில் கணிசமான பங்கு, நாம் அற்பமென்று கருதிக் கையை வீசி ஓட்டிவிடும் ஈக்களாலும், விரலால் பிடுங்கி எறியும் உண்ணிகளாலும் உண்டாகிறது. அந்த நஷ்டம் கொட்டிலோடு நிற்பதுமில்லை. மாட்டின் சாணத்தில் பிறந்த ஈ அடுக்களைக்கு வந்து சோற்றின்மேல் உட்காருகிறது. தொட்டிலில் தூங்கும் குழந்தையின் கண்ணோரத்தில் மொய்க்கிறது. மாடு நோயுற்றால் கடன் நிற்கிறது. குழந்தை நோயுற்றால் அந்தக் கடனுக்குமேல் இன்னொரு கடன் ஏறுகிறது.

இவ்வியாசத்தில் சொல்லப்புகுவது ஒரே விஷயம். பறந்து திரியும் ஈயைத் துரத்துவதில் பிரயோஜனம் சொற்பம். இப்பூச்சிகள் ஒவ்வொன்றின் வாழ்விலும், பறக்கவோ தப்பி ஓடவோ இயலாத ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவத்தில் அது எங்கே தங்குகிறதென்று அறிந்து, அவ்விடத்திலேயே அதை அழிப்பதுதான் சுலபமும் சிக்கனமுமான வழி. அந்த இடம் தூரத்தில் இல்லை. நமது குப்பைமேட்டிலும், கொட்டில் சுவரிலும், மாட்டின் புண்ணிலும்தான் இருக்கிறது.

1. வீட்டு ஈ

எல்லோரும் அறிந்த வீட்டு ஈயை முதலில் எடுத்துக்கொள்வோம். இது கடிப்பதில்லை, ஆகையால்தான் இதனிடம் நமக்குப் பயமில்லை. பெண் ஈ, ஒரு தடவைக்கு 100 முதல் 150 வரை முட்டைகளை, ஈரமும் நாற்றமுமுள்ள சாணத்திலாவது குப்பையிலாவது மலத்திலாவது இடுகிறது. தன் ஆயுளில் இவ்விதம் பல தடவை இடும். கோடைக்காலத்தில் முட்டை ஒரே நாளுக்குள் பொரித்து, வெண்மையான புழு வெளிப்படுகிறது. அப்புழு நாலைந்து நாள் அச்சாணத்தையே தின்று வளர்ந்து, பின்பு எருமேட்டின் ஓரத்திலுள்ள உலர்ந்த மண்ணுக்கு நகர்ந்து சென்று, பழுப்பு நிறமான கூட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மேலும் சில நாட்களில் அக்கூட்டை உடைத்துக்கொண்டு ஈ வெளிவருகிறது. உஷ்ணமான நாட்களில் முட்டை ஈயாவதற்கு 7 முதல் 10 நாட்களே போதும்.

ஒரு பெண் ஈ 500 முட்டைகள் இடுவதாய் வைத்துக்கொள்வோம். அவற்றில் பாதி, அதாவது 250, பெண்ணாகி, ஒவ்வொன்றும் மறுபடி 500 முட்டைகள் இடுமானால், இரண்டாவது தலைமுறையில் ஈக்களின் தொகை 1,25,000 ஆகும். பல்லியும், தவளையும், கோழியும், வெயிலும் இவற்றில் பெரும்பகுதியை அழித்துவிடுவதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். ஆனால் இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. நூறு ஈக்களை அடித்துக் கொல்வதைவிட, ஒரு கூடைச் சாணத்தை மூடிவைப்பது அதிகப் பலன் தரும்.

ஈ கெட்டியான ஆகாரத்தைத் தின்ன முடியாது. ஆகையால் தன் வாயிலிருந்து நீரைக் கக்கி, ஆகாரத்தைக் கரைத்து, அதன்பின் உறிஞ்சுகிறது. உட்கார்ந்த இடத்தில் அடிக்கடி மலமும் கழிக்கிறது. முன்பு மலத்தின்மேல் உட்கார்ந்தபோது அதன் கால் ரோமங்களிலும் குடலிலும் சேர்ந்த கிருமிகள், இப்போது நமது சோற்றில் சேர்கின்றன. சீதபேதி, வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா முதலிய வியாதிகளின் கிருமிகள் அசுத்தமான தண்ணீராலும் கைகளாலும் பரவுவதோடு ஈக்களாலும் பரவுகின்றன. இது வெறும் அனுமானமன்று. பாகிஸ்தான் தேசத்தின் சில கிராமங்களில் மருந்து தெளித்து ஈக்களை ஒழித்தும், வேறு சில கிராமங்களை அப்படியே விட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஈ ஒழிந்த கிராமங்களில் சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருந்ததாக 1999-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள்.

வீட்டு ஈக்கு நெருங்கிய இனமான மற்றோர் ஈ, குழந்தைகளின் கண்ணீரை நாடி மொய்ப்பது. இது திறந்த வெளியில் கிடக்கும் மனித மலத்தில் விசேஷமாய்ப் பெருகுகிறது. மூடிய கக்கூஸ் குழியில் பெருகுவதில்லை. கண்ணிமையின் உட்புறம் சொரசொரப்பாகி, நாளடைவில் பார்வையைக் கெடுக்கும் டிராக்கோமா என்ற கண்வியாதியைக் குழந்தைக்குக் குழந்தை பரப்பும் சாதனங்களில் இந்த ஈயும் ஒன்று. இந்தியாவில் டிராக்கோமா பொதுஜன சுகாதாரத்துக்குப் பெருங்கேடு என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக 2024-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. மருந்தோடு, முகம் கழுவும் பழக்கமும் கக்கூஸ்களும் இத்தகைய வெற்றிக்கு அவசியமானவை. திறந்த வெளியில் மலங்கழிக்கும் வழக்கம் எங்கெங்கு மீதியுள்ளதோ, அங்கெல்லாம் இந்த ஈக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுக்கிறோம்.

2. இரத்தம் குடிக்கும் ஈக்கள்

கொட்டிலில் மாடுகள் ஓயாமல் காலை உதைத்துக்கொண்டும், வாலை வீசிக்கொண்டும், ஒன்றோடொன்று நெருங்கி ஒதுங்கிக்கொண்டும் நின்றால், அவற்றின் கால்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வீட்டு ஈயைப் போலவே தோன்றும் ஓர் ஈ, முழங்காலுக்குக் கீழே தலை மேல்நோக்கி உட்கார்ந்திருக்கும். அதன் வாயில் ஊசிபோல் முன்னுக்கு நீண்ட ஒரு மூக்கு இருக்கும். இது கொட்டில் ஈ. ஆணும் பெண்ணும் இரண்டுமே இரத்தம் குடிக்கும். இது தனிச் சாணத்தைக் காட்டிலும், மூத்திரமும் சாணமும் கலந்து அழுகிய வைக்கோலில் அதிகமாய்ப் பெருகும். மாடு தின்று கழித்த வைக்கோலைக் காலடியிலேயே நாட்கணக்கில் விட்டுவைக்கும் கொட்டில்களில் இதன் தொல்லை மிகுதி. இத்தொல்லைக்குள்ளான மாடு நிம்மதியாய்த் தின்னாது, படுத்து அசைபோடாது. ஆகவே பாலும் குறையும்.

குதிரை ஈ என்பது இதைவிடப் பெரியது. பெரிய கண்களும் தடித்த உடலும் உடையது. இதன் வாய் ஊசிபோலன்றிக் கத்திபோல் தோலை அறுக்கும். கடித்த இடத்தில் இரத்தம் வழியும். இது குளத்தோரத்துச் சேற்றிலும் வயல்வரப்பின் ஈரத்திலும் பிறப்பது. மழைக்காலத்திலும் அதை அடுத்தும் பகலில் அதிகமாய் வரும்.

இவ்விரு ஈக்களாலும் பரவும் சர்ரா என்ற வியாதியின் சரித்திரம் நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. 1880-ம் வருஷத்தில், அக்காலத்துப் பஞ்சாபைச் சேர்ந்த தேரா இஸ்மாயில்கானில், குதிரைகளும் ஒட்டகங்களும் காய்ச்சல் கண்டு மெலிந்து மடிவதைக் கிரிபித் எவான்ஸ் என்ற மிருக வைத்தியர் ஆராய்ந்தார். நோயுற்ற பிராணியின் இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, அதில் பாம்புபோல் நெளியும் மிக நுண்ணிய ஜீவன்களைக் கண்டார். பாலூட்டும் பிராணிகளுக்கு இவ்வினத்து ஜீவன்களால் வியாதி உண்டாகிறதென்று தெரிந்தது அதுவே முதல் தடவை. ஈயின் உடலில் இந்த ஜீவன் வளர்வதில்லை. ஒரு பிராணியைக் கடித்துக்கொண்டிருக்கும்போது அது வாலால் அடிக்க, ஈ எழுந்து பறந்து அடுத்த பிராணியின்மேல் உட்கார்ந்து மீதி இரத்தத்தைக் குடிக்கிறது. அதன் வாயில் ஒட்டிய பச்சை இரத்தத்தோடு வியாதியும் போய்ச் சேருகிறது. குதிரை, ஒட்டகம், நாய் இவற்றுக்குச் சர்ரா பெரும்பாலும் உயிருக்கே ஆபத்தாய் முடியும். மாடும் எருமையும் பல சமயங்களில் வெளிக்கு நன்றாய்த் தோன்றிக்கொண்டே நோயைத் தாங்கி நின்று, மற்றவற்றுக்குக் கொடுக்கும். மனிதருடைய இரத்தத்தில் இந்த ஜீவனைக் கொல்லும் ஒரு பொருள் இயற்கையாகவே இருப்பதால் நமக்கு இது வருவதில்லை. ஆயினும் 2004-ம் வருஷத்தில் மகாராஷ்டிரத்துக் குடியானவர் ஒருவருக்கு இவ்வியாதி கண்டு, சோதித்ததில் அவர் இரத்தத்தில் அப்பொருள் இல்லாதிருந்தது தெரியவந்தது.

சமீப காலத்தில் மாடுகளைப் பெரிதும் வாட்டிய தோல் கழலை வியாதியும் இவ்விதமே பரவுவது. இந்தியாவில் இது முதன்முதலாய் 2019-ம் வருஷத்தில் காணப்பட்டது. 2022-ம் வருஷத்தில் ராஜஸ்தான், குஜராத் முதலிய பல மாகாணங்களில் லட்சக்கணக்கான மாடுகளைப் பீடித்துப் பல்லாயிரம் மாடுகளைக் கொன்றது. கொட்டில் ஈ, கொசு, உண்ணி ஆகியவை நோயுற்ற மாட்டின் தோலிலிருந்து விஷத்தை எடுத்துச் சென்று அடுத்த மாட்டுக்குக் கொடுக்கின்றன. இவ்வியாதி மனிதருக்குத் தொற்றாது. தடுப்பூசி உண்டு, ஆனால் வியாதி ஊருக்குள் வருவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

செம்மறியாடு வளர்ப்போர் அறிய வேண்டியது நீலநாக்கு வியாதி. கொசுவினும் மிகச் சிறியதாய், சாணம் கலந்த சேற்றில் பிறந்து, அந்தி வேளையில் கூட்டமாய் வந்து கடிக்கும் ஒருவகைப் பூச்சியால் இது பரவுகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே இது தலையெடுக்கும். 1997-98-ல் இதனால் ஆடுகள் பெருந்தொகையாய் மாண்டன. காய்ச்சல், மூக்கும் உதடும் வீங்குதல், வாயில் புண், நொண்டுதல் இவை இதன் குறிகள். மழைக்கு முன் தடுப்பூசி போடுவதும், பட்டியைச் சேறில்லாத மேட்டு நிலத்தில் அமைப்பதும், அந்தியில் வேப்பிலைப் புகைமூட்டம் போடுவதும் நன்று. புகைமூட்டம் அந்த வேளைக்கு மட்டும் உதவுமேயன்றிப் பூச்சியின் பிறப்பை நிறுத்தாதென்பதை மறக்கலாகாது.

3. புழுப்புண்

நுகத்தடிப் புண், கொம்பு முறிந்த புண், கோமாரியால் குளம்பிடையில் உண்டான புண், அன்று பிறந்த கன்றின் தொப்புள் ஆகிய இடங்களை நாடி, நீலமும் பச்சையுமாய் மின்னும் ஓர் ஈ வரும். இது செத்த பிணத்தில் முட்டையிடாது. உயிருள்ள பிராணியின் புண்ணோரத்திலேயே 100-க்கு மேற்பட்ட முட்டைகளைக் குவியலாய் ஒட்டிவைக்கும். ஒரு நாளுக்குள் புழுக்கள் பொரித்து, தலையைச் சதைக்குள் புதைத்துக்கொண்டு, திருகாணிபோல் உள்ளே குடைந்து தின்னும். ஐந்தாறு நாளில் முற்றிய புழுக்கள் தாமாகவே தரையில் விழுந்து, மண்ணுக்குள் புகுந்து, கூடு கட்டி, மறுபடி ஈயாகும். வெளியில் சிறிய துவாரமாய்த் தோன்றும் புண், உள்ளே கைப்பிடியளவு குழியாயிருக்கலாம். கவனியாது விட்டால் மாடு இறந்துபோகும். படுத்த படுக்கையாயுள்ள வயோதிகர்களின் புண்களிலும் இந்த ஈ முட்டையிடுவதுண்டு. ஆகையால் நோயாளியின் புண்ணை எப்போதும் துணியால் கட்டி மூடிவைப்பது அவசியம்.

இந்த ஈயின் விஷயத்தில் நமக்கு வசதியான பருவம், முட்டையிட்ட முதல் நாளாகும். தினந்தோறும் ஒரு தடவை மாட்டைத் தலை முதல் குளம்பு வரை கையால் தடவிப் பார்ப்பவன், புழு பொரிப்பதற்கு முன்பே முட்டைக் குவியலைக் கண்டு துடைத்துவிடலாம். கன்று பிறந்தவுடன் தொப்புளுக்கு டிங்க்சர் அயோடின் போட வேண்டும். சிறு காயங்களைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, வேப்பெண்ணெயாவது கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயாவது தடவிவந்தால் ஈ அணுகாது. புழு வைத்துவிட்ட புண்ணில் டர்பண்டைன் நனைத்த துணியை வைத்தால் புழுக்கள் மேலே வரும். அவற்றை ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். ஆழமான புண்ணாயின் தாமதமின்றிக் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு வழக்கத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. எடுத்த புழுக்களை அப்படியே தரையில் எறிந்துவிடுகிறார்கள். முற்றிய புழு மண்ணில் விழுவதையே விரும்புகிறது. அங்கேதான் அது ஈயாகும். ஆகவே எடுத்த புழுக்களைக் கொதிக்கும் வெந்நீரிலாவது நெருப்பிலாவது போட்டுவிட வேண்டும்.

4. உண்ணி

உண்ணி ஈ இனத்தைச் சேர்ந்ததன்று. எட்டுக் கால்களுடையது, சிலந்திக்கு உறவானது. நம் மாடுகளில் சாதாரணமாய்க் காணப்படும் உண்ணி, குஞ்சாய் ஏறியது முதல் ஏறக்குறைய மூன்று வாரம் ஒரே மாட்டின்மேல் தங்கி இரத்தம் குடிக்கிறது. பின்பு ஆமணக்கு விதைபோல் பருத்த பெண் உண்ணி தரையில் விழுந்து, மண்ணிலும் குப்பையிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்து, 2,000 முதல் 3,000 வரை முட்டைகளிட்டு இறக்கிறது. பொரித்த குஞ்சுகள் புல்நுனியில் ஏறி, ஆகாரமின்றியே வெகுநாள் காத்திருந்து, உரசிச் செல்லும் மாட்டின்மேல் தொற்றிக்கொள்கின்றன.

பூச்சி இனங்கள் கால்நடை வியாதியைப் பரப்புகின்றன என்பதற்கு முதற்பெரும் சாட்சி உண்ணியே. அமெரிக்காவின் தென்பகுதி மாடுகளை வடபகுதிக்கு ஓட்டிச் சென்றால், வந்த மாடுகள் நன்றாயிருக்க, உள்ளூர் மாடுகள் காய்ச்சல் கண்டு, மூத்திரம் சிவந்து, மாண்டன. தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். தென்பகுதி மாடுகளிலிருந்து உண்ணிகளைக் கையால் பொறுக்கிவிட்டு உள்ளூர் மாடுகளோடு விட்டபோது வியாதி வரவில்லை. உண்ணிகளோடு விட்டபோது வந்தது. தாய் உண்ணி குடித்த இரத்தத்திலுள்ள கிருமி, முட்டை வழியாய்க் குஞ்சுக்கும் போகிறதென்று 1893-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். நம் நாட்டிலும் இக்காய்ச்சல் உண்டு. காப்பிநிறமான மூத்திரமும், கடுங்காய்ச்சலும், வெளிறிய கண்ணும் இதன் குறிகள். உண்ணியால் வரும் மற்றொரு காய்ச்சலில் தோள்பட்டைக்கு முன்னுள்ள நெறி வீங்கும். நாட்டு மாடுகளைவிடக் கலப்பின மாடுகளுக்கே இவற்றால் ஆபத்து அதிகம். சங்கக் கடனில் வாங்கும் விலையுயர்ந்த கறவைகளோ பெரும்பாலும் கலப்பினத்தவை. ஆதலால் கடன் பெற்றவர் உண்ணியைக் கவனியாதிருப்பது, பணப்பெட்டியைத் திறந்துவைத்துத் தூங்குவதற்கு ஒப்பாகும்.

உண்ணியால் மனிதருக்கும் தீங்கு உண்டு. மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில், கியாசனூர்க் காட்டில், 1957-ம் வருஷத்தில் குரங்குகள் செத்து விழுந்ததோடு, காட்டுக்குள் போய்வந்த ஜனங்களுக்கும் கொடிய காய்ச்சல் கண்டது. அது காட்டு உண்ணியால் வந்ததென்று கண்டறிந்தார்கள். கிரிமியன்-காங்கோ என்ற இரத்தப்போக்குக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாய் 2011-ம் வருஷத்தில் குஜராத்தில் உறுதிசெய்யப்பட்டது. அது மாட்டுண்ணியின் கடியாலும், உண்ணியை நசுக்கும்போது படும் இரத்தத்தாலும் பரவக்கூடியது. ஆகையால் இரத்தம் நிறைந்த உண்ணியை வெறும் விரல்களுக்கிடையில் நசுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். கையுறையோடு பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய தகர டப்பாவில் போடலாம்.

உண்ணி ஒளிக்கும் இடங்களான சுவர் வெடிப்புகளை மண்ணாலும் சிமெண்டாலும் பூசி, சுண்ணாம்பு அடித்துவர வேண்டும். கொட்டிலுக்குள் கோழிகளைப் பகலில் விட்டுவைப்பது நல்ல வழக்கம். உதிர்ந்த உண்ணிகளை அவை பொறுக்கித் தின்றுவிடும்.

5. மருந்தின் பலமும் பலவீனமும்

இவ்வளவையும் ஒரே மருந்தால் ஒழித்துவிடலாகாதா என்று கேட்கலாம். டி.டி.டி. என்ற மருந்து பூச்சிகளைக் கொல்லும் சக்தியை 1939-ம் வருஷத்தில் சுவிட்ஜர்லாந்தின் பால் முல்லர் கண்டுபிடித்தார். அதற்காக 1948-ல் நோபல் பரிசும் பெற்றார். இனி ஈயே இராதென்று பலர் எண்ணினார்கள். ஆனால் சுவீடனில் 1946-லும், இத்தாலியில் 1947-லுமே அம்மருந்துக்குச் சாகாத ஈக்கள் காணப்பட்டன. தப்பிய சில ஈக்களின் சந்ததியே பின்பு பெருகியது. இப்போது உண்ணிக்கு உபயோகிக்கும் மருந்துகளிலும் சிலவற்றுக்கு உண்ணிகள் பழகிவிட்டன. அளவுக்குக் குறைவாய்க் கலந்து, அரைகுறையாய்த் தெளிப்பதால் இக்கேடு விரைவில் வருகிறது. வயலுக்கென்று வாங்கிய பூச்சிமருந்தை மாட்டின்மேல் தடவுவது அதைக்காட்டிலும் அபாயம். மாடு அதை நக்கி இறக்கவும், தடவியவருக்கே விஷம் ஏறவும், பாலில் விஷம் கலக்கவும் கூடும். வைத்தியர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில், சொல்லும் நாட்களில் உபயோகிப்பதே முறை. மருந்து உதவிக்கு வருவது, சுத்தமே முதல்.

6. எருக்குழி

ஈயின் புழு எருமேட்டின் மேற்புறத்துச் சில அங்குல ஆழத்துக்குள்தான் வசிக்கிறது. நெருக்கமாய் அடைத்த எருவின் நடுவில் உண்டாகும் உஷ்ணத்தில் அது பிழைப்பதில்லை. ஆகவே எருவைச் சிதறவிடாமல் குழியில் இட்டு, அழுத்தி, மேலே மண்ணால் மூடினால், ஈக்கு முட்டையிட இடமுமில்லை, புழு தப்ப வழியுமில்லை.

கிணற்றுக்கும் வீட்டுக்கும் தூரமான மேட்டிடத்தில், சுமார் 20 அடி நீளம், 5 அல்லது 6 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குழி ஒன்று வெட்ட வேண்டும். ஒரு முனையிலிருந்து தொடங்கி, தினந்தோறும் சாணத்தையும், மூத்திரம் ஊறிய வைக்கோலையும், கூளத்தையும் போட்டு மிதித்து, மேலே மண் தூவிவர வேண்டும். அப்பகுதி தரைமட்டத்துக்குமேல் ஒன்றரை அடி உயர்ந்ததும், மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி மூடிவிட்டு, அடுத்த பகுதியைத் தொடங்கலாம். நாலைந்து மாதத்தில் நன்றாய் மக்கிய எரு கிடைக்கும். வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் குப்பைமேட்டின் சத்து, காற்றோடும் தண்ணீரோடும் போய்விடுகிறது. குழியெருவில் அது தங்குகிறது. ஈயைக் குறைப்பதும் எருவைப் பெருக்குவதும் ஒரே வேலையாகிறது. பஞ்சாபின் குர்காவ் ஜில்லாவில் 1920-ம் வருஷத்திலிருந்து சில ஆண்டுகள் அதிகாரியாயிருந்த பிரெய்ன் என்பவர், கிராமச் சீர்திருத்தத்தின் முதற்காரியங்களில் ஒன்றாய் எருக்குழியை வற்புறுத்தியதன் காரணமும் இதுவே. சாண எரிவாயுக் கலம் வைத்திருப்பவர்கள் சாணத்தை அன்றன்றே அதில் கரைத்துவிட்டால் அதுவும் நன்று.

குழி வெட்டும்வரை, சாணத்தையும் கழிவு வைக்கோலையும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது கொட்டிலிலிருந்து முற்றிலும் அகற்றி வயலில் மெல்லியதாய்ப் பரப்பி உலர்த்த வேண்டும். முட்டை ஈயாவதற்கு ஏழு நாளாவது வேண்டுமாதலாலும், ஈரமின்றிப் புழு வளராதாகையாலும், இதனால் பெரும்பகுதி ஈக்கள் பிறக்குமுன்பே அழியும்.

7. ஊரார் ஒன்றுபட வேண்டிய காரியம்

ஈக்கு வேலியில்லை; எளிதாய் ஒரு மைல் பறந்துவிடும். ஒருவர் தமது கொட்டிலைக் கண்ணாடிபோல் வைத்திருந்தாலும், அடுத்த வீட்டுக் குப்பைமேடு அவருடைய குழந்தைக்கு நோய் கொடுக்கும். உண்ணியும் அவ்விதமே பொதுமேய்ச்சலில் ஒருவர் மாட்டிலிருந்து இன்னொருவர் மாட்டுக்கு ஏறும். மேலே சொன்ன அமெரிக்க உண்ணிக் காய்ச்சலை ஒழிக்க 1906-ம் வருஷத்தில் அந்தத் தேசத்தார் தொடங்கிய ஏற்பாட்டில், ஒவ்வொரு வட்டாரத்திலும் எல்லா மாடுகளையும் குறித்த நாட்களில் மருந்துத் தொட்டியில் இறக்கி ஏற்றினார்கள். இது வீண் தொல்லையென்று எண்ணி, தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தவர்களும் உண்டு. ஆயினும் விடாது செய்து, 1943-ம் வருஷத்துக்குள் ஏறக்குறைய தேசம் முழுவதிலும் அவ்வுண்ணியை ஒழித்தார்கள். ஒருவன் மாடு தப்பினால் எல்லோர் மாட்டுக்கும் உண்ணி திரும்பும் என்பதே அந்த ஏற்பாட்டின் ஆதாரம்.

நமது கூட்டுறவுச் சங்கமும் இதே ஆதாரத்தின்மேல் நிற்கிறது. ஒருவர் கடன் நின்றால் அது எல்லோருடைய முதலையும் பாதிக்கிறது. ஆகவே மாட்டுக்கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போதே, கொட்டிலும் எருக்குழியும் உண்டா என்று நிர்வாகிகள் கேட்கலாம். மருந்து தெளிக்கும் கருவி ஒன்றைப் பால் சங்கம் பொதுவில் வாங்கி முறைவைத்துக் கொடுக்கலாம். மாட்டுப் பொங்கலுக்காக வருஷத்தில் ஒரு நாள் ஊர் முழுவதும் கொட்டிலைக் கூட்டி, சுண்ணாம்படித்து, மாட்டைக் குளிப்பாட்டுகிறோம். அந்தச் சுத்தத்தில் பாதியை வாரம் ஒரு நாள், ஊரார் எல்லோரும் ஒரே நாளில் செய்தால் போதும். கொட்டிலைக் கூட்டுவதும் சாணம் அள்ளுவதும் பெரும்பாலும் ஸ்திரீகளின் கையில் இருப்பதால், இதைப்பற்றி யோசிக்கும் கூட்டத்துக்கு அவர்களை அவசியம் அழைக்க வேண்டும். அவர்களை விட்டுச் செய்யும் தீர்மானம் காகிதத்தோடு நின்றுவிடும்.

அனுசரிக்க வேண்டிய விதிகள்

1. சாணத்தையும் கழிவு வைக்கோலையும் தினந்தோறும் குழியிலிட்டு மண்ணால் மூடுக. குழியில்லாதவர் வாரம் இரு தடவை அகற்றி உலர்த்துக.

2. கொட்டிலின் தரை மேடாயும், மூத்திரம் வடிந்துபோகக் கால்வாய் உள்ளதாயும் இருக்கட்டும்.

3. சுவர் வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடிக்க.

4. தினம் ஒரு தடவை ஒவ்வொரு மாட்டையும் தடவிப் பார்த்து, புண்ணையும் உண்ணியையும் அன்றே கவனிக்க.

5. எடுத்த புழுவைத் தரையில் எறியாதீர். உண்ணியை விரலால் நசுக்காதீர்.

6. புதிதாய் வாங்கிய மாட்டை, உண்ணி நீக்கி, சில வாரம் தனியே கட்டிவைத்த பின்பே மற்ற மாடுகளோடு சேர்க்க.

7. தடுப்பூசிகளை வியாதி வருமுன் போட்டுக்கொள்க. காய்ச்சல், சிவந்த மூத்திரம், தோலில் கழலை இவை கண்டால் அன்றே வைத்தியருக்குச் சொல்லியனுப்புக.

8. ஆகாரத்தையும் தண்ணீரையும் மூடிவைக்க, குழந்தைகளின் முகத்தை அடிக்கடி கழுவுக, கக்கூஸையே உபயோகிக்க.

சங்கத்தின் அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இவ்விதிகளைப் படித்துக் காட்டி, வாரத்தில் எந்த நாளில் ஊர்க் கொட்டில்களைச் சுத்தம் செய்வதென்று தீர்மானித்து, முதல் எருக்குழியை எவர் நிலத்தில் வெட்டுவதென்றும் அக்கூட்டத்திலேயே முடிவு செய்யும்படி கிராம வாசிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.